சுவருக்கு ஒரு வயசு, வயருக்கு ஒரு வயசு

பழைய வீட்டில் வயரிங் மாத்தணும்னு பேச்சை எடுத்துப் பாருங்கள். எல்லார் வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "ஐயையோ, சுவரை எல்லாம் உடைப்பாங்களே!" அதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கலாம், அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போவோம். கடைசியில் ஒருநாள் ஸ்விட்ச் போர்டில் இருந்து கருகின வாசனை வந்த பிறகுதான் எலக்ட்ரீஷியனைத் தேடி ஓடுவோம்.

நான் படிப்பது பி.காம். ஓம் விதியைப் பத்தாம் வகுப்போடு மூட்டை கட்டி வைத்த கூட்டத்தைச் சேர்ந்தவன் :-) இவனுக்கு எதுக்கு வயரிங் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இது கரண்ட் சமாச்சாரம் என்பதை விடக் கணக்குச் சமாச்சாரம் என்பது என் கட்சி. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய வீட்டில் வயரைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். வெளியே தெரியட்டும். தெரிந்தால் ஒன்றும் குடி முழுகாது.

முதலில் எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றி உள்ள பழைய தெருக்களில் நடந்து பாருங்கள். முகப்பு சின்னதாக இருக்கும், உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். மேலே மர உத்திரம், அதன் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். பல இடங்களில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரே பொதுச் சுவர்.

அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ராஜபாளையம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதற்குப் பிறகு மில் ஊராகவே வளர்ந்த இடம். அங்கே பழைய சுண்ணாம்பு வீடும் உண்டு, பிற்பாடு வந்த கான்கிரீட் வீடும் வரிசை வரிசையாக உண்டு.

இந்தப் பக்கங்களுக்குக் கரண்ட் எப்போது வந்தது? தாமிரபரணித் தண்ணீரில் ஓடும் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் இயங்க ஆரம்பித்தது. மின்சார வாரியம் உருவானது 1957-ல். அதாவது இந்தச் சுவர்களில் பலவும் கரண்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நின்றவை. வயர் பிற்பாடு வந்த விருந்தாளி. அதனாலோ என்னவோ மரியாதையாகச் சுவருக்கு வெளியேதான் உட்கார்ந்தது. தேக்குக் கட்டையைச் சுவரில் அடித்து, அதன் மேல் சின்னச் சின்னத் தகர கிளிப்பால் வயரைப் பிடித்து வைத்திருப்பார்களே, அந்தக் கட்டை வயரிங்தான். நம் தாத்தா காலத்து எலக்ட்ரீஷியன்கள் அந்தக் கட்டையை நூல் பிடித்த மாதிரி நேராக அடித்திருப்பதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

அப்புறம் அதை ஏன் மாத்தணும்? நாலு காரணம் இருக்கிறது.

ஒன்று, அந்தக் காலத்து வயரின் மேல் உறை ரப்பர். வயசாக ஆக அது காய்ந்து, கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். இரண்டு, பிற்பாடு வந்த பல வீடுகளில் செம்புக்குப் பதில் அலுமினிய வயர் போட்டார்கள். அலுமினியம் ஸ்குரூவுக்கு அடியில் நாளாவட்டத்தில் தளர்ந்து போகும், மேலே ஆக்சைடு படியும், அந்த இணைப்பு சூடாகும். மூன்று, பழைய லைன் பலவற்றில் எர்த் கிடையாது. இரண்டே வயர்தான். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் மாட்டி ஃப்ரிட்ஜ் ஓட்டும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான்காவதுதான் பெரிய காரணம். அந்த வயர் போட்டபோது வீட்டில் இருந்தது நாலைந்து குண்டு பல்பு, ஒரு ஃபேன். எல்லாம் சேர்ந்து 300 வாட் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அது 1.3 ஆம்பியர்தான். இன்றைக்கு 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே மாதிரி ஹீட்டர் ஒன்று, ஒன்றரை டன் ஏசி ஒன்று என்று சேர்த்தால் இருபதைத் தாண்டிவிடும். ஒரே வயரில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு ஆகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பத்தாம் வகுப்பு மூட்டையை அவிழ்த்துத் தேடி எடுத்தது இது!

இது சும்மா பயமுறுத்தலும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். எல்லாமே வீட்டு வயரிங்கால் நடந்தவை அல்ல, வயல், ரோடு, வேலை செய்யும் இடம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் நம் கையில் இருக்கிற பங்கு வீடுதான்.

சரி, இப்போது கணக்குக்கு வருகிறேன்.

2013-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தில் இரண்டாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. தேய்மானம் படித்தவர்களுக்குத் தெரியும். எந்தச் சொத்து எத்தனை வருஷம் உழைக்கும் என்று அதில் போட்டிருப்பார்கள். கான்கிரீட் சட்டகம் போட்ட கட்டிடத்துக்கு (ஃபேக்டரி தவிர) 60 வருஷம். அப்படி இல்லாத கட்டிடத்துக்கு 30 வருஷம். மின் இணைப்புச் சாதனங்களுக்கு? 10 வருஷம்! இன்னொன்றும் சொல்கிறது அந்த அட்டவணை. ஒரு சொத்தின் முக்கியமான பாகத்துக்கு ஆயுள் வேறாக இருந்தால், அந்தப் பாகத்தின் ஆயுளைத் தனியாகப் போட வேண்டும்.

உண்மையில் நல்ல வயர் பத்து வருஷத்தில் செத்துப் போகாது. அது கணக்குக்காக வைத்த எண். ஆனால் அதில் உள்ள யோசனை அருமையானது. சுவர் நூறு வருஷம் நிற்கும். அந்த நூறு வருஷத்தில் வயரை மூன்று தடவையாவது மாற்ற வேண்டி வரும். நீண்ட ஆயுள் உள்ள பொருளுக்குள் குறைந்த ஆயுள் உள்ள பொருளைப் புதைத்தால், சின்னது சாகும்போதெல்லாம் பெரியதையும் அறுக்க வேண்டும். இது ஒரு கம்பெனியில் நடந்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். நம் வீட்டில் நடந்தால் "கன்சீல்டு வயரிங், சூப்பரா இருக்கு" என்கிறோம்.

எங்கள் ஆச்சி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே வயரிங் மாற்றியபோது இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதலில் வந்தவர் சின்ன வயசு. "எல்லாத்தையும் கன்சீல்டு பண்ணிரலாம் ஆச்சி, அப்பத்தான் லுக்கா இருக்கும்" என்றார். சாம்பிளுக்கு என்று உளியை வைத்து நாலு தட்டு தட்டினார். ஒரு இஞ்ச் காடி வெட்டப் போன இடத்தில் முறம் அளவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பொத்தென்று விழுந்தது. பொதுச் சுவர் வேறு. அடுத்த வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருண்டு, அந்த வீட்டு மாமா வாசலில் வந்து நின்றுவிட்டார். ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்தாள்: "நீ கெளம்புய்யா."

இரண்டாவதாக வந்தவர் பெரியவர். அரசாங்கத்தில் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் வாங்கியவர். வந்தவுடன் சுவரைத் தொடவே இல்லை. மெகர் என்று ஒரு கருவியை எடுத்து, மெயினை ஆஃப் பண்ணி, ஒவ்வொரு லைனாகச் சோதித்தார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் உறை போய்விட்டது என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் பாதி லைன் அந்தக் கோட்டைத் தொடவில்லை. அப்புறம் சொன்னார்: "சொவருக்கு நம்மள விட வயசு சாஸ்தி ஆச்சி. அதப் போயி ஏன் அடிக்கணும்? கட்டை போன வழியிலேயே போயிருவோம்."

அவர் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

பழைய கட்டையைக் கழற்றிவிட்டு, அதே கோட்டில், முடிந்தவரை அதே ஓட்டைகளில் பிவிசி கேசிங் கேப்பிங் அடித்தார். மூடியைத் தள்ளித் திறந்தால் உள்ளே வயர் தெரியும், மூடினால் ஒரு பட்டை மாதிரி இருக்கும். ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்குப் போக, அந்தக் காலத்தில் பீங்கான் குழாய் வைத்துச் சுவரில் போட்ட ஓட்டைகளே இருந்தன. புதிதாக ஒரு ஓட்டை கூடத் தேவைப்படவில்லை.

ஏசிக்கும் ஹீட்டருக்கும் மட்டும் பழைய பாதையை நம்பவில்லை. மெயின் போர்டில் இருந்து தனித்தனி லைன். அதை வீட்டுக்குள் கொண்டு வராமல் பின்கட்டு வெளிச்சுவர் வழியாகப் பைப்பில் ஏற்றி, வேண்டிய அறைக்கு நேராக ஒரே ஒரு ஓட்டை போட்டு உள்ளே இறக்கினார். லைட், ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயர், பிளக் பாயின்டுக்கு ரெண்டரை, ஏசிக்கு நாலு. சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கொல்லையில் எர்த் குழி புதிதாகத் தோண்டினார்.

ஒரே ஒரு இடத்தில் சுவரை வெட்ட வேண்டி வந்தது, அதுவும் அடுப்படி போர்டுக்கு. உளி வைக்காமல் கட்டர் மெஷினில் இரண்டு கோடு இழுத்து, நடுவில் உள்ளதை மட்டும் மெதுவாகப் பெயர்த்தார். மேலிருந்து கீழாகத்தான் வெட்டினார், குறுக்கே வெட்டவில்லை. இதற்கு உலகம் முழுக்க ஒரே நியாயம்தான். பிரிட்டனில் கட்டிட விதிகளுக்கான வழிகாட்டியில், செங்குத்துக் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, குறுக்குக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. குறுக்கே வெட்டினால் சுவரின் பாரம் தாங்கும் பலமே குறையும் என்பதுதான் காரணம். வெட்டியதை மூடும்போதும் அவர் சிமென்ட் போட விடவில்லை. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவைதான். சிமென்ட் இறுகிப்போய் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், கொஞ்ச நாளில் ஓரம் பிரிந்து கையோடு வரும் என்றார்.

நாலு நாளில் வேலை முடிந்தது. ஒரு கூடை மண் கூட வெளியே கொட்டவில்லை.

கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ராஜபாளையத்தில் என் நண்பன் வீடு அப்படித்தான், அவன் பிறப்பதற்கு முன்பே கட்டியது. உள்ளே பைப் புதைத்து வயர் இழுத்திருந்தார்கள். பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, டேப் சுற்றி, பவுடர் தடவி, ஒருவர் அந்தப் பக்கம் இழுக்க இன்னொருவர் இந்தப் பக்கம் தள்ள, பழசு வெளியே வர வரப் புதுசு உள்ளே போய்விட்டது. பழைய வயர் வராத இடத்தில் ஸ்பிரிங் விட்டு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு இடத்தில் மட்டும் பைப் நசுங்கிக் கிடந்தது. அந்த இரண்டை மட்டும் மேலே பட்டை அடித்துக் கொண்டு போனார்கள். பைப் காலியாகத்தானே இருக்கிறது என்று வயரைத் திணிக்கவும் கூடாது. அமெரிக்க விதியில், இரண்டுக்கு மேல் வயர் போனால் பைப்பின் உள்ளிடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்று இருக்கிறது. சூடு வெளியேற இடம் வேண்டும், மறுபடி இழுக்கவும் வர வேண்டும்.

இதில் இருந்தே என் கட்சி முழுசாகப் புரிந்திருக்கும். சுவருக்குள் போவது குற்றம் இல்லை. மறுபடி வெளியே வர முடியாதபடி போவதுதான் குற்றம். புதுசாகக் கட்டுகிற வீட்டில் நல்ல பைப்பாகப் போட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிட்டால் தாராளமாகக் கன்சீல்டு போடலாம். ஏற்கெனவே நிற்கிற சுண்ணாம்புச் சுவரை அதற்காகக் கீறுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"அசிங்கமா இருக்குமே?" கோணல் மாணலாக அடித்தால் அசிங்கம்தான். உத்திரத்தின் ஓரம், நிலைப்படியின் ஓரம், சுவரும் தளமும் சேரும் மூலை என்று ஏற்கெனவே கோடு இருக்கிற இடத்தில் கொண்டு போனால் கண்ணுக்கே தெரியாது. பட்டைக்கும் சுவர் கலரையே அடித்துவிடலாம். பிரிட்டனில் நூற்றாண்டுகள் பழைய சர்ச்சுகளில் கூடக் கல் சுவரைக் குடையாமல், செம்பு உறை போட்ட மெல்லிய கேபிளைச் சுவருக்கு மேலேயே ஒட்டினாற்போலக் கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களுக்கு வராத கௌரவக் குறைச்சல் நமக்கு மட்டும் ஏன்?

"எலி கடிக்கும், பிள்ளைகள் இழுக்கும்." நியாயமான பயம். மலிவுப் பட்டையின் மூடி இரண்டு வருஷத்தில் கழன்று தொங்கும் என்பதும் உண்மை. அதனால்தான் தரமான பட்டை வாங்கணும், கைக்கெட்டும் உயரத்தில் பைப்பாகப் போடணும். ஆனால் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. கன்சீல்டு வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது, உள்ளே வயர் எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்குத் தெரியும்? கண்ணுக்குத் தெரிகிற வயரில் பழுது வந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியும்.

"அதான் புதுசா பிரேக்கர் போட்டாச்சே?" இதுதான் ரொம்ப ஆபத்தான வாதம். எம்சிபி என்பது வயரைக் காப்பாற்றத்தான், ஆளைக் காப்பாற்ற இல்லை. ஆளைக் காப்பாற்ற வேண்டியது ஆர்சிசிபி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற மாதிரி போடுவார்கள். பழைய வயரிங்கில் அதைப் போட்டால், அங்கங்கே கசிவு இருப்பதால் அடிக்கடி விழும். உடனே "இது தொல்லை" என்று அதைக் கழற்றி விடுவோம். காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி!

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சொந்த வீட்டுக்காரன் இவ்வளவு யோசிக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள்? ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிற லைன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பேண்டேஜ் துணிக்குப் பேர் போன சத்திரப்பட்டிப் பக்கம் தறி போட்ட வீடுகளை நினைத்துப் பாருங்கள். தளர்ந்துபோன இணைப்பின் மேல் பஞ்சுத் தூசி படிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வயரிங் செலவு வீட்டுக்காரருக்கு, ஷாக் குடியிருப்பவருக்கு. லாபம் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் போகிற ஏற்பாட்டில் எந்த வேலையும் தானாக நடக்காது, இதைப் பொருளாதாரப் புத்தகமே சொல்லும். "வீட்டை இடிச்சுப் போட்டு வேலை பார்க்கணும், அதுவரைக்கும் நீங்க காலி பண்ணுங்க" என்ற பேச்சு வரும் என்று பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை.

அதனால்தான் சுவரை உடைக்காத வழி முக்கியம் என்கிறேன். அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. உடைக்காமல் முடியும் என்று தெரிந்தால் காலி பண்ண வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், கொத்தனாருக்குக் காத்திருக்க வேண்டாம். மொத்தப் பணமும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்த மாசம் எர்த்தும் ஆர்சிசிபியும், அடுத்த மாசம் அடுப்படி லைன், அப்புறம் ஒவ்வொரு அறையாக என்று தவணையில் முடிக்கலாம். கன்சீல்டு வேலையை அப்படிப் பாதியில் நிறுத்த முடியுமா?

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். மீட்டருக்கு முன்னால் இருப்பது மின் வாரியத்துச் சமாச்சாரம், அதில் கை வைக்கவே கூடாது. நீங்கள் செய்யக்கூடியது கேள்வி கேட்பதுதான். "மெகர் வச்சுப் பார்த்தீங்களா அண்ணே? எர்த் இருக்கா? பழைய வழியிலேயே கொண்டு போக முடியாதா?" இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். கேட்டு முடிப்பதற்குள் உளியை எடுப்பவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள் :-)